செம்புக்கு உறை ஊற்றிய தெரு

செவல்குளம் கல்லூரியின் இயற்பியல் துறையில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய ஆய்வறையில், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணாடித் துண்டின் மேல் படிந்துகொண்டிருந்த செப்பு ஆக்சைடுப் படலம், மின்சாரம் போனதைக் கவனிக்காததுபோலப் பத்து மணிக்கும் வளர்ந்தது, பதினொரு மணிக்கும் வளர்ந்தது, மங்கையர்க்கரசி தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி வைத்துத் திரும்பி வந்தபோதும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள். முதலில் மஞ்சளாக இருந்தது ஆரஞ்சாகி, ஆரஞ்சு செங்கல் நிறமாகி, செங்கல் நிறத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு பளபளப்பு எழுந்து வந்தது. வளர வேண்டிய நேரத்தில் வளராத படலங்களை ஐந்து வருடமாகப் பார்த்துவந்தவளுக்கு, வளரக்கூடாத நேரத்தில் ஒன்று வளர்வதைப் பார்த்தபோது, பெரிதாக ஆச்சரியம் வரவில்லை. வர வேண்டியது கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஆய்வறை உதவியாளர் சவரிமுத்து சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார். அந்தத் துறையில் இருபத்தாறு வருடமாக இருப்பவர். எந்தக் கருவி எந்த இடத்தில் தட்டினால் வேலை செய்யும் என்று அவருக்குத்தான் தெரியும்.

“ஏம்மா, கரண்ட் போயி மூணு மணி நேரமாச்சு. இது என்ன இன்னும் செவந்துக்கிட்டே கெடக்கு?”

“ஆமாண்ணே.”

“நீ எதையும் மாத்தலையே?”

மங்கை பதில் சொன்னாள். ஆனால் அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவள் குரல் அப்படி. பேருந்தில் இறங்குமிடம் சொன்னால் நடத்துநர் காதுக்கு எட்டாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவாள், இன்னொரு முறை சொல்வதைவிட நடப்பது சுலபம் என்று. சவரிமுத்துவுக்குக் கேட்காமல் போன அந்தப் பதில், “தயிர்” என்பது.

அவள் செய்துவந்த வேலையைச் சொல்வது எளிது, செய்வதுதான் கடினம். செம்பின் உப்பான மயில்துத்தத்தை நீரில் கரைக்க வேண்டும். அதில் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். பின்னால் காஸ்டிக் சோடா சேரும்போது செம்பு பயந்துபோய் அடியில் படிந்துவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வது அந்த அமிலம்தான். கரைசல் ஆழ்ந்த நீலமானதும் அறுபது டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு பக்கம் பிளாட்டினக் கம்பி, மறு பக்கம் மின்சாரம் கடத்தும் கண்ணாடித் துண்டு என்று கிளிப்பில் மாட்டி, மிகக் குறைந்த மின்சாரத்தை விட்டால், கண்ணாடியின் மேல் செம்பு சிவந்த படிகங்களாக வந்து உட்காரும். அந்தப் படிகங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தால், வெயில் பட்டவுடன் அவை தாமே சிறிது மின்சாரம் தரும். ஒரே பக்கம் பார்த்து உட்கார வைப்பதுதான் மங்கையின் ஆய்வு. ஐந்து வருடமாக அவை கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க வந்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த வாரம் லாக்டிக் அமிலம் தீர்ந்துபோயிருந்தது. புதுப் பாட்டில் வர ஒரு மாதமாகும் என்றார்கள். திங்கட்கிழமை சாயங்காலம், மங்கை வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கீழே குடியிருந்த வெயிலுகந்தாள், தையல் மெஷினும் ஓர் எருமையுமாகத் தனியாகக் குடித்தனம் நடத்துபவள், “மூணு நாளாப் புளிச்சுப்போச்சு, கொட்டத்தான் போறேன்” என்று தயிர்ச் சட்டியைக் கையில் எடுத்தபோது, கட்டித் தயிருக்கு மேலே தெளிந்து நின்ற நீரை மங்கை பார்த்தாள். புளித்த தயிரில் இருப்பதும் அதே அமிலம்தானே என்று நினைத்தாள். வடிகட்டி டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆய்வகக் குறிப்பேட்டில் அதற்கென்று கட்டம் இருந்தது. கட்டத்துக்கு மேலே முன்பே “லாக்டிக் அமிலம்” என்று எழுதியிருந்தது. அவள் அளவை மட்டும் எழுதினாள். தயிர் என்று எழுத நினைத்தபோதே, துறைக் கூட்டத்தில் அதை ஒருவர் வாசிப்பதும், இன்னொருவர் “வெங்காயம் நறுக்கிப் போட்டீங்களா?” என்று கேட்பதும், எல்லாரும் சிரிப்பதும் அவள் காதில் விழுந்துவிட்டது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று பேனாவை மூடினாள்.

ஆனால் அந்த ‘நாளை’ வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அவளுடைய நெறியாளர் தேவநேசன் படலத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்து, அதை அன்றைக்கே எக்ஸ்ரே ஆய்வுக்கு அனுப்பி, பத்தாம் நாள் வந்த தாளைப் பிரித்து விரித்தார். காடுபோல எழுந்து நிற்க வேண்டிய கோடுகளுக்குப் பதிலாக ஒரே ஒரு கோடு, பொட்டலில் நிற்கும் ஒற்றைப் பனைபோல நின்றது. எல்லாப் படிகங்களும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. தேவநேசன் நல்லவர், அவசரக்காரர். குறிப்பேட்டை வாங்கி, அதிலிருந்ததை அப்படியே எழுதி, ஒரு கருத்தரங்குக்கு அன்று மாலையே அனுப்பிவிட்டார். மங்கை “சார்” என்று இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் அவர் காதில் விழவில்லை.

அந்தப் படலம் உறை பிடிக்கும் என்பதைக் கண்டுபிடித்தவர் சவரிமுத்து. கழுவும்போது கண்ணாடியின் ஓரம் உடைந்து, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு, மீந்த கரைசல் இருந்த பீக்கருக்குள் விழுந்தது. மறுநாள் காலையில் பீக்கரின் உட்புறம் முழுவதும் சிவந்து உறைந்திருந்தது. மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை. அவர் பீக்கரைச் சாய்த்துப் பார்த்தார், ஆடாமல் நின்றது.

“தயிராட்டம்லாம்மா உறைஞ்சிருக்கு!” என்றார். பிறகு, இருபத்தாறு வருடம் அறிவியலோடு இருந்தவருக்கே உரிய தயக்கத்தோடு, “நான் ஒரு சில்லு வீட்டுக்குக் கொண்டுபோறேன். அவ செவப்புன்னா உசுர விடுவா” என்றார்.

அவர் மனைவி ரோஸம்மாளிடம் மயில்துத்தம் இல்லை, பிளாட்டினம் இல்லை, மின்சாரம் கடத்தும் கண்ணாடியும் இல்லை. செம்புக் குடம் இருந்தது. புளி போட்டுக் குடத்தை விளக்கிய தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்ததைப் பார்த்து, தயிர்போல உறைந்தது என்று அவர் சொன்னதை வைத்து அதில் தயிர்த் தெளிவை ஊற்றி, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு விரல் எடுத்துக் கலக்கி, விரலிடுக்கில் தொட்டுப் பார்த்து வழுக்குகிறது என்று தெரிந்ததும் நிறுத்தினாள். காஸ்டிக் சோடாவின் அளவைக் கண்டுபிடிக்க மங்கைக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரோஸம்மாளுக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது. உடைந்த ஜன்னலுக்கு மாற்றக் கிடந்த கண்ணாடியைப் பரந்த தட்டில் போட்டு, அந்தத் தண்ணீரை மேலே விட்டு, நடுவில் சில்லை வைத்து, துணி போட்டு மூடி, “யாரும் அசைக்காதீங்க, எட்டிப் பாக்காதீங்க” என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

விடிந்ததும் செவல்குளத்தின் முதல் சிவப்பு ஜன்னல் ரோஸம்மாள் வீட்டில் இருந்தது.

பிறகு, கல்லூரியை ஒட்டி ரோஸம்மாளும் வெயிலுகந்தாளும் குடியிருந்த அந்தத் தெருவுக்கு அதில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. எந்தப் பொருளாக இருந்தாலும், அது உறைகிறது என்றால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கையில் கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்று “உங்க வீட்டுல உறை இருக்கா?” என்றார்கள், “தயிருக்கா, ஜன்னலுக்கா?” என்று உள்ளேயிருந்து பதில் கேள்வி வந்தது. நாலு வருடமாகப் பேச்சில்லாத இரண்டு ஓரகத்திகள் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மதில் மேல் ஒரு டம்ளர் வைக்கப்பட்டது, சற்று நேரத்தில் அதில் ஒரு சில்லு கிடந்தது. தெருவின் வயர்மேன் ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கம்பியை ஒட்டி, நட்சத்திர விளக்கிலிருந்து பிரித்த குட்டி பல்பு ஒன்றை மாட்டிக் காட்டினான். வெயில் பட்டதும் அது எரிந்தது. வெயில் போனதும் அணைந்தது.

“பகல்ல மட்டும் எரியற விளக்கு. நல்லா இருக்குடா ஒன் சமத்து!” என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

ஆனால் அந்தத் தெருவின் வீடுகள் ரயில் பெட்டிகள்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. நடுப்பகலிலும் அங்கே தட்டுத் தடுமாறித்தான் நடக்க வேண்டும். கம்பியை உள்ளே இழுத்துப் போய், அந்தக் குட்டி விளக்கை நடு அறையில் தொங்கவிட்டதும், அதுவரை இருட்டில் இருந்த பானைகளும் டிரங்குப் பெட்டிகளும் சுவரில் மாட்டிய கல்யாணப் படங்களும் வெளியே வெயில் அடிக்கிறது என்பதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டன. மேகம் வந்தால் விளக்கு மங்கும். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருப்பவள் எழுந்து போய்க் கொடியில் காயும் துணியை எடுப்பாள். வெயிலுகந்தாள் தையல் மெஷினை வாசலிலிருந்து நடு அறைக்கே மாற்றிக்கொண்டாள். “என் பேருக்கு இப்பத்தான் ஒரு அர்த்தம் வந்துருக்கு, வெயிலு வீட்டுக்குள்ள வந்துருச்சு” என்று எல்லாரிடமும் சொன்னாள்.

மங்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. ஆய்வகக் குறிப்பேடு கட்டங்களோடு இருந்தது. அதைத் தவிர அவளிடம் கோடு போடாத ஒரு சின்ன நோட்டும் இருந்தது. யார் வீட்டு உறை யார் வீட்டுக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது, எந்த எருமையின் தயிர், எந்தக் குடத்தின் தண்ணீர், எப்படி உறைந்தது என்று அதில் எழுதினாள். வைக்கோல் சந்து வீடுகளில் தண்ணீர் உப்பு, படலம் மெல்லியதாக வருகிறது. ரோஸம்மாள் கையால் வைத்தால் தடிப்பாக உறைகிறது. பசும்பால் தயிர் ஆகாது. விளக்கு வைத்த பிறகு கொடுத்த உறை ஆகவே ஆகாது: காலையில் பார்த்தால் படலம் சிவப்பைத் தாண்டிப் போய்க் கரியாகக் கறுத்திருக்கும். தெருவில் அதற்குப் புளித்துப்போவது என்று பெயர். “அவசரம்னு பொழுது சாஞ்சு போயி வாங்கிட்டு வந்தா, புளிக்காம என்ன செய்யும்?” என்று வெயிலுகந்தாள் சாதாரணமாகச் சொன்னதை மங்கை நம்பவில்லை. அதனால் எண்ணினாள். பதினேழு வீட்டில் விளக்கு வைத்த பிறகு உறை வாங்கினார்கள். பதினேழும் கறுத்தன.

ஆனால் தை மாதம் அவள் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இவை எதுவும் இல்லை. அதன் மூன்றாம் அத்தியாயம் செய்முறை. அங்கே லாக்டிக் அமிலம் என்றும், எண்பத்தைந்து விழுக்காட்டுத் தூய்மை என்றும், பாட்டிலில் ஒட்டியிருக்கும் வாசகம் அப்படியே இருந்தது. கருத்தரங்குக்குப் போய்விட்ட ஒன்றை இனி எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திருத்தலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்த அந்த ‘நாளை’க்கு ஏழு மாத வயதாகியிருந்தது.

பங்குனியில் புறத்தேர்வாளரின் கடிதம் வந்தது. மிருணாளினி என்று பெயர். பெரிய நகரத்தில் பெரிய ஆய்வகம் வைத்திருப்பவர். செய்முறையில் சொன்னபடியே தங்கள் ஆய்வகத்தில் பதினொரு முறை செய்துபார்த்ததாகவும், ஒருமுறைகூட மின்சாரம் இல்லாமல் படலம் வளரவில்லை என்றும், பொது வாய்மொழித் தேர்வில் இதற்கு விளக்கம் எதிர்பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

தேவநேசன் அறைக் கதவைச் சாத்திவிட்டு மங்கையை உட்காரச் சொன்னார்.

“இதுல ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. எந்த ஊருக்கும் தண்ணி வேறவேறதான். தண்ணீர் வித்தியாசம்னு சொல்லிரு. அவங்க ஒத்துக்குவாங்க. எக்ஸ்ரே தாள் கையில இருக்குல்ல, அது பொய் சொல்லாது.”

“சார்,” என்றாள் மங்கை. இந்த முறை அவருக்குக் கேட்டது. “அது அமிலம் இல்ல சார். தயிர்த் தெளிவு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சவரிமுத்து யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட இதைச் சொன்னதா வெச்சுக்காத,” என்றார் கடைசியில். “ஜூனோட ஒன் பதிவு முடியுது. ஆறு வருஷம். ஒனக்குத் தர்றதாச் சொல்லியிருக்கிற அந்தப் பெண்கள் கல்லூரி வேலைக்கு ஜூனுக்குள்ள பட்டம் வேணும். இப்ப போயி அத்தியாயத்தை மாத்துறேன்னா, அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. வேலையும் போயிரும். யோசிச்சுக்க. ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர்.”

அவள் யோசித்தாள். ஒரு வார்த்தை அவளுக்குப் பெரிய பாரம் இல்லை. ஆறு வருடத்தில் அவள் அதிகமாகப் பேசியதே ஒற்றை வார்த்தைகள்தான்.

பொது வாய்மொழித் தேர்வு சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. பொது என்று பெயர் இருந்தாலும், துறைக்காரர்களும், பின்னால் கொடுக்கும் மிக்சருக்கும் ஜாங்கிரிக்கும் வரும் முதுநிலை மாணவர்களும்தான் வழக்கமாக வருவார்கள். அன்றைக்கு, ‘பொதுமக்கள் வரலாம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை ரோஸம்மாள் வாசித்துவிட்டாள். தெருவே வந்திருந்தது. கல்யாணத்துக்குக் கட்டும் சேலைகளில், கைக்குழந்தைகளோடு, மூன்றாம் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

மங்கை படங்களைக் காட்டினாள். ஒற்றைப் பனைக் கோட்டைக் காட்டினாள். மைக் இருந்ததால் பாதி கேட்டது.

“சத்தமா சொல்லுத்தா, பின்னால கேக்கல!” என்றாள் வெயிலுகந்தாள். முதுநிலை மாணவர்கள் சிரித்தார்கள்.

மிருணாளினி முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மடியில் ஆய்வேடு இருந்தது, அதன் மூன்றாம் அத்தியாயத்தில் நிறைய மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன.

“உங்க படலம் ரொம்ப அழகா இருக்கு,” என்றார். “அதனாலதான் வருத்தமா இருக்கு. நீங்க எழுதினபடியே செஞ்சோம். கண்ணாடியை எத்தனை தடவை கழுவணும்னு எழுதியிருந்தீங்களோ அத்தனை தடவை கழுவினோம். பதினொரு முறை. வரல. என் மாணவி ஒரு பொண்ணு, அவதான் செஞ்சா. அவ ஏதோ தப்பு பண்றான்னு நான் நினைச்சேன். அவகிட்டயே சொன்னேன். பத்தாவது முறை அவ அழுதா. பதினோராவது முறை அழக்கூட இல்ல. உங்களுக்கு வந்தது ஏன் அவளுக்கு வரல? என்ன காரணம்னு நினைக்கிறீங்க?”

தேவநேசன் மங்கையைப் பார்த்தார். அவர் உதடு அந்த ஒரு வார்த்தையின் வடிவத்தில் குவிந்திருந்தது.

மங்கைக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. ஆனால் அந்த ஸ்டூல் தெரியும். அறுபது டிகிரிக்குச் சூடேறும்வரை காத்திருப்பது தெரியும். கண்ணாடியின் எந்தப் பக்கம் மின்சாரம் கடத்தும் என்று மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்து மறுபடியும் வைத்துப் பார்ப்பது தெரியும். நீலத்திலிருந்து எடுத்த கண்ணாடி வெறும் கண்ணாடியாகவே வெளியே வரும்போது, அறையில் யாரும் இல்லாவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுவது தெரியும். பதினொரு முறை. எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி, இவள் திருத்தாமல் விட்ட ஒரு கட்டத்தின் முன்னால் பதினொரு முறை உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல மேடம்,” என்றாள். மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். “நான் எழுதினது பொய். நான் போட்டது லாக்டிக் அமிலம் இல்ல. தயிர்த் தெளிவு.”

முதுநிலை மாணவர்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் அவன் சிரிப்பு தனியாகப் போய் ஓரமாக நின்றது.

“எந்தத் தயிர்?” என்றார் மிருணாளினி.

“எருமைத் தயிர். மூணு நாள் புளிச்சது. வெயிலுகந்தாளக்கா வீட்டுது.”

“இந்தா, நான்தான்!” என்று வெயிலுகந்தாள் எழுந்து நின்றாள். “அம்மா, அந்த உறை மொதல்ல எங்க வீட்டுது. ரோஸம்மா தன்னுதும்பா, நம்பாதீங்க.”

“நான் எப்பம்மா என்னுதுன்னேன்? ஜன்னல்ல மொத ஜன்னல் என்னுதுன்னேன்!”

“ரெண்டு பேரும் உக்காருங்க,” என்றார் தேவநேசன் கையெடுத்துக் கும்பிட்டு.

மிருணாளினி எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், மங்கை பதில் சொன்னாள். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். எந்த நேரம், எவ்வளவு சுண்ணாம்பு, மூடி வைப்பதா திறந்து வைப்பதா, எந்தத் தண்ணீர். சின்ன நோட்டைப் பையிலிருந்து எடுத்து, பக்கத்தைப் புரட்டிச் சொன்னாள். அவள் விட்டதைத் தெரு சொன்னது. ஜாங்கிரித் தட்டுகள் கதவருகே வந்து, உள்ளே நடப்பது முடிவதாக இல்லை என்று கண்டு, திரும்பிப் போயின. கல்லூரிக் காவலாளி வந்து விளக்குகளைப் போட்டார். தெருவுக்குள் கோயில் மணி அடித்தது.

கடைசியில் மிருணாளினி ஆய்வேட்டை மூடினார்.

“மூணாவது அத்தியாயம் உண்மை இல்ல. உண்மையில்லாத அத்தியாயத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. புதுசா எழுதிக் கொண்டு வாங்க. ஜூனுக்குள்ள முடியாது. பதிவை நீட்டிக்க நான் பரிந்துரை எழுதறேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் முடியாது.”

“சரி மேடம்,” என்றாள் மங்கை. அந்தப் பெண்கள் கல்லூரியில் அவளுக்காக ஒரு நாற்காலி இருந்தது. அந்த நிமிடத்தில் அதில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். மங்கைக்கு அது தெளிவாகத் தெரிந்தது, அவளுடைய சேலை நிறம்கூட.

கூட்டம் கலைந்தது. எல்லாரும் ஜாங்கிரியைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். மிருணாளினி வராண்டாவில் நின்று தெருப் பக்கம் பார்த்தார். ஜன்னல்கள் பொழுது சாய்ந்த பிறகு வெறும் இருண்ட சிவப்பாக இருந்தன. நடு அறை விளக்குகள் அணைந்துபோய், வழக்கமான விளக்குகள் எரிந்தன. கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். மருந்து வைக்கும் டப்பா. மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டிவிட்டு அதைத் துடைத்தார்.

“மங்கையர்க்கரசி. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு ரயில். ஒரு சில்லு குடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கணும்.”

பட்டத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள அந்தக் கை நீண்டிருந்தது. தேவநேசன் பக்கத்தில் நின்றார், அவர் கண்கள் “கொடு, கொடு” என்றன. மங்கையின் பையிலேயே தாளில் மடித்த நாலு சில்லுகள் இருந்தன.

“இல்ல மேடம்,” என்றாள்.

வராண்டாவின் கடைசியில் செருப்பு தேடிக்கொண்டிருந்த வெயிலுகந்தாள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரம் கேட்டிருந்தது.

“விளக்கு வெச்சாச்சு. இப்ப குடுத்தா அவங்களுக்குக் கறுத்துப்போகும். பதினேழு வீட்டுல பாத்திருக்கேன். பன்னிரண்டாவது தடவையும் அந்தப் பொண்ணுக்கு வரலன்னா நல்லா இருக்காது மேடம். காலையில வாங்கிக்கோங்க.”

மிருணாளினி டப்பாவைப் பிடித்தபடியே நின்றார்.

“பதினேழு வீடு,” என்றார். “இதையும் ஏன் எழுதல?”

“எழுதலாம்னு தெரியல.”

“ரயிலு நாளைக்கும் ஓடும்,” என்று வெயிலுகந்தாள் கிட்டே வந்தாள். “எங்க வீட்டுல படுத்துக்கோங்க. ஃபேன் இருக்கு. மாட்டு வாடை கொஞ்சம் வரும், சொல்லிட்டேன்.”

மறுநாள் காலை, எருமை கறந்து, வாசல் தெளித்து, வெயில் மதில் மேல் ஏறி நடு அறையின் குட்டி விளக்கு எரியத் தொடங்கியபோது, பெரிய நகரத்தின் பெரிய ஆய்வகத்துக்காரர், வெயிலுகந்தாள் கொடுத்த பழைய நூல் சேலையில், இரண்டு பெண்களுக்குப் பின்னால் மருந்து டப்பாவோடு வரிசையில் நின்றார். தன் முறை வந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார்.

“கேளுங்க மேடம்,” என்றாள் மங்கை. “கேட்டுத்தான் வாங்கணும்.”

“உறை இருக்கா?” என்று கேட்டார் மிருணாளினி.

“ஜன்னலுக்கா, தயிருக்கா?” என்றாள் வெயிலுகந்தாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நாலு நாள் கழித்துத் தொலைபேசியில் வந்த குரல் மங்கைக்குப் பழக்கமில்லாதது. இளம் குரல்; மிக மெதுவாகப் பேசியது. “அக்கா, வந்துருச்சு,” என்றது. பாதிதான் கேட்டது. மங்கை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

ஜூன் வந்து போனது. பதிவு ஒரு வருடம் நீண்டது. காலையில் நடு அறை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் வெயிலுகந்தாளின் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து மங்கை மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினாள். மேகம் வரும்போது நிறுத்தினாள். கண்ணாடி, குடம், சுண்ணாம்பு, புளித்த தயிர் என்று வரிசையாகத் தொடங்கிப் பார்த்தாள். அது சரியாக வரவில்லை. அடித்துவிட்டு, சின்ன நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். பிறகு தலைப்பில் ‘செய்முறை’ என்று எழுதி, அதற்குக் கீழே முதல் வரியை எழுதினாள்:

முதலில், விளக்கு வைப்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும்.